மடிக்கணினியில் 'ஐரிஸ் எக்ஸ்இ' ஒட்டுவில்லை, உள்ளே 'யுஎச்டி' என்ற பெயர்: ரேமின் வேகம் உள்ளமை கிராஃபிக்ஸை எவ்வளவு பாதிக்கிறது?

கணபதி வரைபடம் (கோவை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கணபதியில் சிறு பட்டறைகளுக்கும் வார்ப்படச் சாலைகளுக்கும் பம்பு உதிரிபாகங்களின் வரைபடம் போட்டுக்கொடுப்பது என் தொழில். பழைய மேசைக் கணினி ஓய்ந்துபோனதால், ஒருவர் பயன்படுத்திய மடிக்கணினியை இரண்டு மாதங்களுக்கு முன்பு வாங்கினேன். இன்டெல் ஐ5-1135ஜி7 செயலி, 8 ஜிபி ரேம். தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது. விசைப்பலகைக்குக் கீழே 'ஐரிஸ் எக்ஸ்இ' என்ற ஒட்டுவில்லை கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. ஆனால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தால் 'இன்டெல் யுஎச்டி கிராஃபிக்ஸ்' என்றே வருகிறது.

பெயர் எதுவாக இருந்தாலும் வேலை நடந்தால் போதும் என்று விட்டிருப்பேன். வேலையும் நடக்கவில்லை. இம்பெல்லரை மட்டும் தனியாகத் திறந்தால் ஒழுங்காகச் சுழல்கிறது. கேசிங், ஷாஃப்ட், மோட்டார் என்று எல்லாவற்றையும் சேர்த்த முழு அசெம்பிளியைத் திறந்து மவுஸால் திருப்பினால், படம் ஓரிடத்தில் நின்று, பிறகு தாவி வேறோர் இடத்தில் நிற்கிறது. வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்ட முடியவில்லை.

வாங்கிய கடையில் கேட்டபோது டிரைவரை மாற்றிப் போட்டார்கள். பெயர் மாறவில்லை. இன்னொரு கடையில் காட்டியபோது, மதர்போர்டையே யாரோ மாற்றிவிட்டு ஒட்டுவில்லையை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள் என்று சொல்லி மனதைக் கலக்கிவிட்டார்கள். நான் ஏமாந்துவிட்டேனா? வேகமான ரேம் வாங்கிப் போட்டால் இது சரியாகுமா? டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியில் 'பயன்பாட்டில் உள்ள ஸ்லாட்: 2இல் 1' என்றும், வேகம் 3200 என்றும் காட்டுகிறது. தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

சோமனூர்த் தறி எழுதியது:

அண்ணா, நீங்கள் ஏமாறவில்லை. மதர்போர்டும் மாற்றப்படவில்லை. நீங்கள் கடைசியாக எழுதிய '2இல் 1' என்ற வரியிலேயே விடை இருக்கிறது.

அந்தச் செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் ஒன்றேதான். ஆனால் இரண்டு நினைவகச் சேனல்களிலும் (செயலிக்கும் ரேமுக்கும் இடையிலான தரவு வழிகள்) ரேம் இருந்து, மொத்தப் பாதை 128 பிட் அகலமாக இருந்தால்தான் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்ற பெயரைக் காட்டலாம் என்பது இன்டெல் வகுத்த நிபந்தனை. ஒரே ரேம் இருந்தால் பாதை 64 பிட்டாகச் சுருங்கிவிடுகிறது. அப்போது டிரைவரே 'யுஎச்டி' என்று பெயரை மாற்றிக் காட்டும். இது தெரியாமல் பலரும் டிரைவரை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுத் தொழிலைக் கொண்டே சொல்கிறேன். கூடத்தில் தறிகள் எத்தனை இருந்தாலும், தார் சுற்றித் தருகிற ஆள் ஒருவராகவே இருந்தால், ஊடை தீர்ந்த தறி அடுத்த தார் வரும்வரை நின்றுகொண்டுதான் இருக்கும். தறியில் குறை இல்லை, மோட்டாரில் குறை இல்லை, ஆனால் துணி விழாது. உங்கள் செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸில் 80 செயலகங்கள், அதாவது படத்துக்கான கணக்குகளைப் போடும் சிறு அலகுகள், இருக்கின்றன. அவை எண்பதும் ஒற்றை வழியில் வரும் தரவுக்காகக் காத்து நிற்கின்றன.

இதே வகை 8 ஜிபி ரேம் இன்னொன்றை வாங்கிக் காலியாக உள்ள ஸ்லாட்டில் போடுங்கள். பெயரும் மாறும், படமும் ஓடும்.

திருச்செங்கோடு ரிக் எழுதியது:

மேலே எழுதிய நண்பரிடம் மரியாதையுடன் மாறுபடுகிறேன். ரேமின் வேகத்தால் படம் வேகமாகும் என்பதை நம்பி நானும் செலவு செய்தேன். என்னிடம் இருப்பது இன்டெல் ஐ5-8250யு உள்ள மடிக்கணினி. அதில் இரண்டு 4 ஜிபி டிடிஆர்4-2400 ரேம்கள் இருந்தன (டிடிஆர்4 என்பது ரேமின் தலைமுறை, 2400 அதன் வேகம்). இரண்டையும் கழற்றிவிட்டு, 16 ஜிபி டிடிஆர்4-3200 ரேம் ஒன்றைப் போட்டேன். கொள்ளளவு இரட்டிப்பு, அட்டையில் எழுதியிருக்கும் வேகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பல நிரல்களைச் சேர்த்துத் திறக்கும்போது நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் என் மகன் விளையாடும் விளையாட்டு முன்பைவிட மோசமாக ஓடுகிறது. ஆகவே ரேமின் வேகத்துக்கும் கிராஃபிக்ஸுக்கும் தொடர்பில்லை என்பதே என் அனுபவம். கணபதி அண்ணன் வீணாகப் பணம் போடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஈரோடு சர்வீஸ் எழுதியது:

திருச்செங்கோட்டு நண்பர் எழுதியதை வேலைக்கு நடுவே படித்தேன். அவர் சொல்வது உண்மை. ஆனால் அந்த அனுபவம் அவர் எடுத்த முடிவுக்கு நேர் எதிரானதைக் காட்டுகிறது. பழுதுநீக்கும் மேசையில் வாரம் தவறாமல் நான் பார்க்கும் தவறு இது என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. தனி கிராஃபிக்ஸ் அட்டைக்குத் தனக்கென்று சொந்த நினைவகம் உண்டு. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 போன்ற எளிய அட்டைகூட ஜிடிடிஆர்5 நினைவகத்தைக் கொண்டு நொடிக்கு 128 ஜிபி தரவை எடுத்துப் போடக்கூடியது. செயலிக்குள்ளேயே இருக்கும் உள்ளமை கிராஃபிக்ஸுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. செயலி எந்த ரேமில் வேலை செய்கிறதோ அதே ரேமைத்தான் அதுவும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ரேமின் பேண்ட்விட்த்தை, அதாவது ஒரு நொடியில் எவ்வளவு தரவு கடக்க முடியும் என்பதை, ஒரு பெருக்கலில் கண்டுபிடித்துவிடலாம். டிடிஆர்4-3200 என்றால் ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் நொடிக்கு 320 கோடி முறை தரவு கடக்கிறது. ஒரு சேனலுக்கு 64 கம்பிகள், அதாவது 8 பைட். 3200ஐ 8ஆல் பெருக்கினால் 25,600 எம்பி, அதாவது 25.6 ஜிபி. கடையில் வாங்கும் ரேமின் ஒட்டுவில்லையில் பிசி4-25600 என்று அச்சிட்டிருந்தால், அந்த எண் இந்தப் பெருக்கலின் விடைதான். இரண்டு சேனல்களிலும் ரேம் இருந்தால் 51.2 ஜிபி. (சிபியு-இசட் நிரலில் 1600 என்று காட்டுவதைப் பார்த்துப் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று பயப்பட வேண்டாம். ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தரவு கடப்பதால் 1600 என்பதும் 3200 என்பதும் ஒன்றே.)

இப்போது திருச்செங்கோட்டு நண்பரின் கணக்கைப் போடுவோம். ஐ5-8250யு செயலியின் உச்சவரம்பு டிடிஆர்4-2400. அதில் 3200 ரேமைப் போட்டாலும் 2400 வேகத்தில்தான் ஓடும். மடிக்கணினிகளின் பயாஸில், அதாவது அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடத்தில், பெரும்பாலும் அதை உயர்த்த வழி தரப்படுவதில்லை. முன்பு அவரிடம் இரண்டு ரேம்கள் 2400இல் ஓடின, ஆக 38.4 ஜிபி. இப்போது ஒரே ரேம் அதே 2400இல் ஓடுகிறது, ஆக 19.2 ஜிபி. கொள்ளளவு இரட்டிப்பானது, பாதை சரிபாதியாகிவிட்டது. மகனுடைய விளையாட்டு மெதுவானதற்குக் காரணம் இதுதான். அதே போன்ற இன்னொரு ரேமைச் சேர்த்தால் பழைய வேகம் திரும்பும்.

இந்தப் பாதைக்கு ஏன் இவ்வளவு பசி என்று கேட்கலாம். 1920க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு முழுப் படம் ஏறக்குறைய 8.3 எம்பி. நொடிக்கு 60 முறை அதைத் திரைக்கு அனுப்பவே 500 எம்பிக்குப் பக்கமாக ஆகிறது. ஆனால் அது வரைந்து முடித்த படத்தை அனுப்பும் செலவு மட்டும். வரையும்போது ஆகும் செலவு பல மடங்கு. முன்னே எது, பின்னே எது என்று பார்க்க ஒவ்வொரு புள்ளிக்கும் ஆழத்தைப் படித்து எழுத வேண்டும். மேற்பரப்பு வண்ணங்களை எடுத்துவர வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பாகங்கள் இருக்கும் அசெம்பிளியில் ஒரே புள்ளியைப் பலமுறை திருத்தி எழுத வேண்டிவரும். கணபதி அண்ணனின் இம்பெல்லர் தனியாக நன்றாகச் சுழன்று, முழுப் பம்பில் திணறுவது இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

ரேமின் தாமதத்தைக் குறிக்கும் சிஎல் எண்ணைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். உள்ளமை கிராஃபிக்ஸுக்கு அது இரண்டாம்பட்சம். ஒரு கூட்டம் வேலைகள் தரவுக்குக் காத்திருக்கும்போது இன்னொரு கூட்டத்தை ஓட்டிக்கொண்டிருப்பதே கிராஃபிக்ஸ் செயலியின் வேலை முறை. எனவே தரவு சற்றுத் தாமதமாகத் தொடங்குவதை அது தாங்கிக்கொள்ளும். மொத்தத்தில் குறைவாக வருவதைத் தாங்காது.

ஆகவே என் வரிசை இது: முதலில் இரண்டு சேனல்களும் நிரம்பியிருக்க வேண்டும், வேகத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். 2400இல் ஓடும் இரண்டு ரேம்கள் 3200இல் ஓடும் ஒற்றை ரேமைவிட உள்ளமை கிராஃபிக்ஸுக்கு எப்போதும் மேல்.

திருச்செங்கோடு ரிக் எழுதியது:

ஈரோட்டு நண்பருக்கு மனமார்ந்த நன்றி. 19.2 என்ற எண்ணைப் பார்த்த பிறகு சிபியு-இசட்டைத் திறந்து பார்த்தேன். சேனல் என்ற இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது, வேகமும் 1200க்கு அருகில்தான் நிற்கிறது. நான் முன்பு எழுதியதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கழற்றிய ரேம்களில் ஒன்று இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 16உடன் அந்த 4 ஜிபியைச் சேர்த்துப் போடலாமா, அல்லது இரண்டும் ஒரே அளவாக இருந்தாக வேண்டுமா?

ஈரோடு சர்வீஸ் எழுதியது:

போடலாம். இன்டெல் செயலிகளில் அளவு வேறுபட்டாலும், இரண்டிலும் பொதுவாக உள்ள பகுதி இரட்டைச் சேனலாகவும் மீதி ஒற்றைச் சேனலாகவும் ஓடும். உங்கள் கணக்கில் 4உம் 4உம் சேர்ந்து 8 ஜிபி இரட்டைப் பாதையில், மீதி 12 ஜிபி ஒற்றைப் பாதையில். கிராஃபிக்ஸின் தரவு எந்தப் பகுதியில் அமரும் என்பது நம் கையில் இல்லாததால் பலன் நேரத்துக்கு நேரம் மாறும். கையில் இருப்பதை முதலில் போட்டுப் பாருங்கள், செலவு ஒன்றும் இல்லையே. முடியும்போது இன்னொரு 16 வாங்கிக்கொள்ளலாம்.

திருப்பூர் பேட்டர்ன் எழுதியது:

இந்த இழையில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் நிட்டிங் கூடத்துக்கு அடுத்த அறையில் பேட்டர்ன் வரையும் மடிக்கணினிகள் நான்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்று காலையில் நன்றாக ஓடி, பதினோரு மணிக்கு மேல் திணறத் தொடங்கும். ரேமைக் கூட்டினோம். காலையில் வித்தியாசம் தெரிந்தது, மதியத்துக்கு மேல் பழைய கதைதான். கடைசியில் அடிப்பக்கத்தைக் கழற்றியபோது, விசிறிக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையில் பஞ்சுத் தூசு கம்பளி விரித்தாற்போல் ஒரு தடித்த படலமாகப் படிந்திருந்தது. விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தவுடன் முழுப் படலமும் ஒரே துண்டாக உரிந்து வந்தது. பனியன் துணிபோல நெய்திருந்ததைப் பார்த்துக் கூடத்துப் பையன்கள் எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள்.

உள்ளமை கிராஃபிக்ஸும் செயலியும் ஒரே சில்லில், ஒரே மின்வரம்புக்குள் இருக்கின்றன. 15 வாட் என்றால் அந்த 15 வாட்டை இரண்டும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சூடு ஏறினால் அந்தப் பங்கும் குறையும். அந்த நிலையில் ரேமின் பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதை நிரப்ப ஆள் இல்லை. நூற்பாலை, தறிக்கூடம், நிட்டிங் இவற்றுக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்திருப்பவர்கள் ரேம் வாங்கும் முன் விசிறியைத் திறந்து பாருங்கள்.

கோபி மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பொறியியல் கல்லூரியில் சேரப்போகிறேன். அப்பா நிலக்கடலை விற்ற பணத்தில் மடிக்கணினி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே தவறாக எதையும் வாங்கிவிடக்கூடாது என்று பயமாக இருக்கிறது. மூன்று மாடல்கள் பார்த்தோம். மூன்றிலும் ரைசன் 5 என்றும், 7000 வரிசை என்றும்தான் சொன்னார்கள். எண்கள் மட்டும் 7520யு, 7530யு, 7535யு. வித்தியாசம் மிகச் சிறியது, விலை குறைந்ததையே எடுத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். இந்த இழையைப் படித்த பிறகு ரேமைப் பற்றியும் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. எதை வாங்கலாம், அண்ணா?

ஈரோடு சர்வீஸ் எழுதியது:

அம்மணி, கேட்டது மிக நல்லதாகப் போயிற்று. அந்த மூன்றும் ஒரே குடும்பம் அல்ல. மேலே எழுதியிருக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பவை மூன்று வெவ்வேறு சில்லுகள், அவை ரேமோடு பேசும் பாதையும் மூன்று விதம்.

7520யு: ஜென் 2 வகை (ஜென் என்பது ஏஎம்டி செயலிகளின் வடிவமைப்புத் தலைமுறை) நான்கு கோர்கள், ரேடியான் 610எம் என்ற மிகச் சிறிய கிராஃபிக்ஸ். அதில் கிராஃபிக்ஸ் கணக்குகளைப் போடும் கணிப்புத் தொகுதிகள் இரண்டே. ரேம் எல்பிடிடிஆர்5-5500 வகை (மின்சாரம் குறைவாக எடுக்கும் டிடிஆர்5), போர்டிலேயே பற்றவைத்தது, பாதை மொத்தம் 64 பிட். ஆக நொடிக்கு 44 ஜிபி. பின்னால் எதையும் கூட்ட வழியில்லை.

7530யு: ஜென் 3 வகை ஆறு கோர்கள், வேகா கிராஃபிக்ஸ் 7 தொகுதிகளுடன். ரேம் பெரும்பாலும் டிடிஆர்4-3200. இரண்டு சேனலும் நிரம்பியிருந்தால் 51.2 ஜிபி, ஒன்றே இருந்தால் 25.6 ஜிபி.

7535யு: ஜென் 3 பிளஸ், ரேடியான் 660எம் 6 தொகுதிகளுடன், ஆனால் வேகாவைவிடப் புதிய தலைமுறை. டிடிஆர்5-4800 இரண்டு சேனலில் 76.8 ஜிபி, எல்பிடிடிஆர்5-6400 என்றால் 102.4 ஜிபி.

வரைபட மென்பொருளும் ஓட்டப்போகிறாய் என்பதால், கைக்கு எட்டினால் 7535யு எடுத்துக்கொள். எட்டாவிட்டால் 7530யு போதும், ஆனால் அதில் ஒரு நிபந்தனை: காலியான ஸ்லாட் இருக்க வேண்டும், அல்லது வாங்கும்போதே இரண்டு சேனலும் நிரம்பியிருக்க வேண்டும். 8 ஜிபி போர்டில் பற்றவைத்து ஒரு ஸ்லாட் காலியாக விட்ட மாடல்கள் நிறைய வருகின்றன. அது குறையில்லை, அந்த ஸ்லாட்டில் 8 ஜிபி ஒன்றைப் போட்டவுடன் பாதை முழுமையாகிவிடும். 8 ஜிபியைப் பற்றவைத்து ஸ்லாட்டே வைக்காத மாடலை மட்டும் தொடாதே. உள்ளமை கிராஃபிக்ஸ் தன் பங்கை அந்த 8இலிருந்தே எடுத்துக்கொள்ளும். நான்கு ஆண்டுப் படிப்புக்கு அது காணாது.

கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நினைவகப் பகுதியைப் பார்க்கலாம். ரேமின் வடிவம் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் பற்றவைத்தது, 'எஸ்ஓடிஐஎம்எம்' என்றிருந்தால் கழற்றி மாற்றக்கூடியது. அப்பாவையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டச் சொல்.

பொள்ளாச்சி எடிட்டர் எழுதியது:

திருமண வீடியோக்கள் தொகுப்பது என் தொழில். டிடிஆர்5 ரேம் ஒன்றே இரண்டு சேனல்களாக வேலை செய்யும், ஆகவே ஒன்று போதும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். சிபியு-இசட்டிலும் '2 x 32 பிட்' என்று வருகிறது. இது சரியா? வேகமான ரேமால் வீடியோ ஏற்றுமதி நேரம் குறையுமா என்பதும் தெரிய வேண்டும்.

சோமனூர்த் தறி எழுதியது:

டிடிஆர்5 ரேமுக்குள் இரண்டு துணைச் சேனல்கள் இருப்பது உண்மை. ஆனால் ஒவ்வொன்றும் 32 பிட்தான். இரண்டையும் கூட்டினால் அதே 64. ஒரே வயலை நடுவில் வரப்புப் போட்டு இரண்டாக்கியதால் நிலம் கூடிவிடாது. ஒற்றை டிடிஆர்5-4800 ரேம் தருவது 38.4 ஜிபிதான். இரண்டு டிடிஆர்4-3200 ரேம்கள் தரும் 51.2 அதைவிட அதிகம். பெயரில் இருக்கும் 5ஐப் பார்க்காமல் மொத்த பிட்டை எண்ணுங்கள், 128 வந்தால் நிறைவு.

வீடியோ ஏற்றுமதியில் குறியாக்கம் செய்வது சில்லுக்குள் அதற்கென்றே இருக்கும் தனிப் பகுதி. அந்த வேலைக்கு ரேமின் வேகம் பெரிதாக உதவாது. வண்ணத் திருத்தம், எஃபெக்ட் போன்றவை கிராஃபிக்ஸில் ஓடுவதால் அங்கே உதவும். 4கே காட்சிகளைத் தொகுப்பவருக்கு என்னைக் கேட்டால் கொள்ளளவே முதலில் வேண்டும்.

ஒட்டுவில்லையில் இன்னொன்றையும் கவனியுங்கள். '1ஆர்எக்ஸ்8' என்றும் '1ஆர்எக்ஸ்16' என்றும் இரண்டு வகை வருகின்றன. எக்ஸ்16 வகையில் சில்லுகள் நான்குதான் இருக்கும், ஒவ்வொரு சில்லிலும் பேங்க் குழுக்களின் (தரவைச் சேமிக்கும் உட்பிரிவுகளின்) எண்ணிக்கை எக்ஸ்8 வகையில் இருப்பதில் பாதி. பேண்ட்விட்த் கணக்கில் இரண்டும் சமம்தான், ஆனால் நடைமுறையில் எக்ஸ்8 அந்த உச்சத்துக்குச் சற்று நெருக்கமாகப் போகும். டிடிஆர்5இல் 8 ஜிபி ரேம்கள் பெரும்பாலும் எக்ஸ்16, 16 ஜிபி ரேம்கள் எக்ஸ்8. முடிந்தால் இரண்டு 16ஆக வாங்குங்கள்.

திருப்பூர் பேட்டர்ன் எழுதியது:

ஒரு சந்தேகம். இரண்டு சேனலும் நிரம்பிய பிறகு 4800க்கும் 5600க்கும் 7500க்கும் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் உண்டா?

ஈரோடு சர்வீஸ் எழுதியது:

கிராஃபிக்ஸ் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. யுஎச்டி 620 போன்ற 24 செயலகச் சில்லுக்கு 38.4 ஜிபி கிடைத்துவிட்டால் அதற்கு மேல் கொடுத்தாலும் அதனால் விழுங்க முடியாது. 2023இல் ரைசன் 7 7840 வரிசையில் வந்த ரேடியான் 780எம்மில் 12 தொகுதிகள் இருக்கின்றன. அதற்கு டிடிஆர்5-5600 இரண்டு சேனலில் 89.6 ஜிபி கிடைக்கிறது, எல்பிடிடிஆர்5எக்ஸ்-7500 என்றால் 120 ஜிபி. இங்கே ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் அந்தச் சில்லு எப்போதும் பாதிப் பசியோடுதான் இருக்கிறது.

சில்லு தயாரிப்பவர்களுக்கு இது நெடுநாளாகத் தெரியும். 2013இலேயே இன்டெல் ஐரிஸ் புரோ 5200 உடன் 128 எம்பி தனி நினைவகத்தைச் செயலியின் பக்கத்திலேயே வைத்துக் கொடுத்தது, ரேமிடம் போகும் பயணத்தைக் குறைப்பதற்காக. 2024இல் லூனார் லேக் சில்லுகளில் எல்பிடிடிஆர்5எக்ஸ்-8533 ரேமையே செயலியின் அட்டைமேல் ஏற்றிவிட்டார்கள். 2025இல் வந்த ரைசன் ஏஐ மேக்ஸ் சில்லுகளில் ஏஎம்டி பாதையையே 256 பிட்டாக அகலப்படுத்தி, நொடிக்கு 256 ஜிபி தந்தது. அதற்குப் பிறகுதான் 40 தொகுதிகள் கொண்ட கிராஃபிக்ஸை உள்ளே வைக்க அவர்களுக்குத் துணிவு வந்தது என்று நான் நினைக்கிறேன்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்த வேகமான எல்பிடிடிஆர் ரேம்கள் ஏறக்குறைய எல்லாமே பற்றவைத்தவை. ஒரு சில்லு பழுதானால் போர்டோடு போயிற்று. கழற்றி மாட்டக்கூடிய எல்பிகேம்2 என்ற வடிவம் 2024இல் லெனோவாவின் திங்க்பேட் பி1 மாடலில் வந்தது. அது எளிய விலைக் கணினிகளுக்கும் வர வேண்டும் என்று பழுதுநீக்குபவன் என்ற முறையில் மிகவும் விரும்புகிறேன்.

கணபதி வரைபடம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காந்திபுரம் போய் 8 ஜிபி டிடிஆர்4-3200 ரேம் ஒன்று வாங்கினேன். சோமனூர்த் தம்பி சொன்னபடி ஒட்டுவில்லையைப் படித்து, '1ஆர்எக்ஸ்8' என்று இருந்ததையே கேட்டு எடுத்தேன். அடிப்பக்கத் திருகுகளை ஒரு தாளில் இடம் குறித்து அதன்மேல் வைத்துக்கொண்டு திறந்தேன், ஏனென்றால் அவற்றில் இரண்டு நீளம் கூடியவை. முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினேன். ரேமைச் சாய்வாக நுழைத்து, மெதுவாகக் கீழே அழுத்தியபோது இரண்டு பக்கக் கொக்கிகளும் 'டிக்' என்று பிடித்தன. விசிறியில் இரும்புப் பொடி கலந்த கருந்தூசு இருந்தது, அதையும் தூரிகையால் எடுத்தேன்.

இயக்கியபோது திரை ஒரு நிமிடத்துக்குக் கறுப்பாகவே இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு தானாகவே வந்துவிட்டது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். நான் எந்த டிரைவரையும் தொடவில்லை, ஆனால் அங்கே 'இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ்' என்று எழுதியிருந்தது. இரண்டு மாதமாக ஒட்டுவில்லையைப் பார்க்கும்போதெல்லாம் ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுமை இறங்கியது.

பிறகு முழு அசெம்பிளியைத் திறந்தேன். மவுஸோடு சேர்ந்தே திரும்புகிறது. மிக வேகமாகத் திருப்பினால் இன்னும் லேசாகத் தங்குகிறது, ஆனால் தாவுவதில்லை. வெளித்திரையையும் இணைத்து, வாடிக்கையாளருக்கு அதில் காட்ட முடிகிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பழைய ரேம் எக்ஸ்16, புதியது எக்ஸ்8. இப்படிக் கலந்திருப்பதால் பின்னால் தொல்லை வருமா?

ஈரோடு சர்வீஸ் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, அண்ணா. முதல் முறை இயக்கும்போது திரை கறுப்பாக நின்றது புதிய ரேமைக் கணினி பழக்கிக்கொள்ளும் நேரம், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டும் 3200இல் ஓடுகின்றனவா என்று டாஸ்க் மேனேஜரில் ஒருமுறை பாருங்கள், வேகம் குறைந்த ரேம் ஒன்று இருந்தால் மற்றதும் அதற்கே இறங்கிவிடும். எக்ஸ்8உம் எக்ஸ்16உம் கலந்திருப்பது பொதுவாகத் தொல்லை தருவதில்லை. ஆனாலும் வேலைக்கான கோப்புகள் இருக்கும் கணினி என்பதால், இன்று இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓடவிட்டுத் தூங்குங்கள். காலையில் பிழை பூஜ்யம் என்று இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

கணபதி வரைபடம் எழுதியது:

நான்கு சுற்றும் முடிந்தது. பிழை பூஜ்யம். வேகம் 3200, ஸ்லாட் 2இல் 2.